கம்ப்ரசர் விற்பவருக்குப் பஞ்சர் கடைக்காரர் எதற்கு? நிறுவனங்களுக்கு விற்போர் ஆன்லைன் விளம்பரத்தில் சரியான ஆளைப் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கோயம்புத்தூரில், ஆலைகளுக்கு அழுத்தக் காற்று தரும் ஸ்க்ரூ கம்ப்ரசர் விற்கும் ஒரு டீலருக்காக முதன்முதலில் கூகுள் விளம்பரம் ஓட்டினேன். பத்து நாட்கள் போன் மணி ஓயவே இல்லை. எனக்கு ஒரே பெருமை. பதினோராம் நாள் அவருடைய விற்பனைப் பிரதிநிதி அழைத்தார்.

"சார், காலையிலிருந்து எட்டு அழைப்பு வந்திருக்கிறது. மூன்று பேர் பிரிட்ஜ் மெக்கானிக். இரண்டு பேர் பஞ்சர் கடை போடப் போகிறார்களாம். ஒருவருக்குக் கார் ஏசி ஓடவில்லை. ஒரு தம்பி காலேஜ் செமினாருக்குப் படம் கேட்கிறான். எட்டாவது ஆள் வேலை இருக்கிறதா என்கிறார். நான் பல்லடம் போய் மில்லைப் பார்க்கட்டுமா, இவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டுமா?"

சோப்பு விற்பவரின் விளம்பரத்தைத் தவறான ஆள் பார்த்தால் சில பைசா நட்டம். பல லட்ச ரூபாய் இயந்திரம் விற்பவருக்கோ கிளிக்குக்குக் கொடுத்த பணமும் போகிறது, நாலு ஆலை ஏறி இறங்க வேண்டிய மனிதரின் அரைநாளும் போகிறது. இரண்டாவது நட்டம் எந்த விளம்பர அறிக்கையிலும் வராது.

அந்தக் கம்ப்ரசரையே கடைசிவரை உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். 20 எச்பியிலிருந்து 100 எச்பி வரையிலான இயந்திரங்கள். வாங்குபவர்கள் திருப்பூர் பின்னலாடை நிறுவனங்கள், நூற்பாலைகள், ஏர்ஜெட் தறி போட்டவர்கள், கோவையின் பவுண்டரிகள், சிஎன்சி பட்டறைகள். நீங்கள் விற்பது சாயப்பட்டறை ரசாயனமாகவோ அட்டைப் பெட்டியாகவோ கணக்கு மென்பொருளாகவோ இருந்தால் பெயரை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

படி 1: விளம்பரக் கணக்கைத் திறக்கும் முன் பில் புத்தகத்தைத் திறங்கள்

யாருக்கு விற்க வேண்டும் என்று முதலாளியைக் கேட்டால் "எல்லா பேக்டரிக்கும்" என்பார். பில் புத்தகத்துக்குப் பொய் சொல்லத் தெரியாது. கடந்த மூன்று ஆண்டு விற்பனைப் பில்களை எடுத்து ஒரு எக்செல் தாளில் ஏற்றுங்கள். தொழில், ஊர், வாங்கிய எச்பி, அதற்கு முன் வைத்திருந்த இயந்திரம், முதலில் அழைத்தவர் யார், முதல் அழைப்பிலிருந்து ஆர்டர் வரை எத்தனை நாள், பணம் எத்தனை நாளில் வந்தது என்று ஏழு பத்திகள் போதும். பாதி விவரம் பில்லில் இருக்காது. விற்பனைப் பிரதிநிதியின் நினைவில் இருக்கும். ஒரு சனிக்கிழமை மாலை டீ வாங்கிக் கொடுத்து அவரை உட்கார வையுங்கள்.

எட்டாவதாக ஒரு பத்தி உண்டு. பலர் இதைக் கவனிப்பதில்லை. ஜிஎஸ்டி எண்ணில் 15 இலக்கங்கள். முதல் இரண்டு மாநிலத்தைக் காட்டும், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்தும் பான் எண். பான் எண்ணின் நான்காவது எழுத்து, அதாவது ஜிஎஸ்டி எண்ணின் ஆறாவது எழுத்து, எதிரே இருப்பது எப்படிப்பட்ட அமைப்பு என்பதைச் சொல்லிவிடும். 'பி' என்றால் தனிநபர், 'எஃப்' என்றால் கூட்டு நிறுவனம், 'சி' என்றால் கம்பெனி. தனிநபர் உரிமையாளர் என்றால் பெரும்பாலும் ஒரே ஆள் முடிவெடுப்பார். இயந்திரம் பிடித்துப்போனால் அன்றே முன்பணம் கொடுப்பார். கூட்டு நிறுவனம் என்றால் அண்ணன் சரி சொல்லி, தம்பி சரி சொல்லி, அப்பாவும் தலையாட்ட வேண்டும். கம்பெனி என்றால் பர்சேஸ் பிரிவு, மூன்று கொட்டேஷன், பேரம். இந்த மூவருக்கும் ஒரே விளம்பரம் போடுவது, மூவருக்கும் ஒரே அளவில் சட்டை தைப்பது போல.

பணம் வந்த நாட்களைக் குறிக்கச் சொன்னதற்கும் காரணம் இருக்கிறது. பின்னால் இந்த வாடிக்கையாளர் பட்டியலை விளம்பரத் தளத்தில் ஏற்றி, "இவர்களைப் போன்றவர்களைக் கண்டுபிடி" என்று கேட்கப்போகிறோம். ஆறு மாதம் இழுத்தடித்தவரும் அந்தப் பட்டியலில் இருந்தால், அவரைப் போன்றவர்களையும் சேர்த்துக் கேட்டதாகும். அவர்களை நீக்கிவிட்டு ஏற்றுங்கள்.

தாள் நிரம்பியதும் எந்தத் தொழில், எந்த ஊர்ச் சுற்று, எந்த அமைப்பு, எந்த எச்பி என்று ஒரு வடிவம் தெரியும். நம் டீலருக்கு அப்படித் தெரிந்தது ஒன்று: ஸ்க்ரூ கம்ப்ரசரைப் புதிதாக வாங்கியவர்களில் பெரும்பாலோர் பழைய பிஸ்டன் கம்ப்ரசரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தவர்கள். புது ஆலை கட்டுபவர்கள் குறைவு. நானோ "புதிய தொழிற்சாலை தொடங்குகிறீர்களா?" என்று விளம்பரம் எழுதி வைத்திருந்தேன்.

படி 2: ஆலைக்குள் இருக்கும் ஆட்களைப் பிரித்துப் பாருங்கள்

நிறுவனம் என்பது கட்டடம். விளம்பரத்தைக் கட்டடம் பார்ப்பதில்லை. கம்ப்ரசர் விஷயத்தில் நான் பார்த்தவரை நாலைந்து பேர் இருக்கிறார்கள்.

மெயின்டனன்ஸ் பார்ப்பவர் சத்தம், சூடு, ஆயில், சர்வீஸ் ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்று கேட்பார். சிஎஃப்எம் (நிமிடத்துக்கு எத்தனை கன அடி காற்று) எவ்வளவு, 7 பார் அழுத்தத்தில் கொடுக்குமா என்பதெல்லாம் அவருடைய மொழி. முதலாளிக்கு மின் கட்டணம்தான் கண்ணில் படும். கம்ப்ரசரின் ஆயுட்காலச் செலவில் பெரும்பங்கு வாங்கிய விலையைவிட அது குடிக்கும் மின்சாரத்துக்கே போகிறது என்பதை அவர் பில்லைப் பார்த்தே உணர்ந்திருப்பார். கணக்கர் கடன் தவணையையும் ஜிஎஸ்டி உள்ளீட்டு வரவையும் பார்ப்பார். கம்பெனியாக இருந்தால் பர்சேஸ் மேலாளர் ஒருவர் கடைசியில் வந்து சேருவார். அவர் முடிவெடுப்பவர் இல்லை, ஆனால் முடிவைத் தாமதிக்க வல்லவர்.

ஐந்தாவது ஆளை எந்த விளம்பரத் தளமும் உங்களுக்குக் காட்டாது. முதலாளியின் மகனோ மகளோ. பொறியியல் படித்துவிட்டு ஆலைக்கு வந்திருப்பார். இரவு பத்து மணிக்கு மேல் யூடியூபில் "விஎஃப்டி கம்ப்ரசர் லாபமா" என்று தேடுவது அவர்தான் (காற்றுத் தேவைக்கேற்ப மோட்டார் வேகத்தை மாற்றும் வகை அது). பில்லில் அப்பாவின் கையெழுத்து இருக்கும். விற்பனைப் பிரதிநிதியிடம் "முதலில் அழைத்தவர் யார்" என்று கேட்கச் சொன்னது இவரைக் கண்டுபிடிக்கத்தான்.

எல்லோரையும் ஒரே நேரத்தில் துரத்தப் பணம் இருக்காது. யார் தேடுகிறார், யார் முடிவெடுக்கிறார் என்ற இருவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தேடுபவருக்குத் தேடல் விளம்பரம். முடிவெடுப்பவருக்கு அவர் ஓய்வாக இருக்கும் இடத்தில் காட்சி விளம்பரம்.

படி 3: யாருக்குக் காட்டக்கூடாது என்ற பட்டியல்

கூகுள் தேடல் விளம்பரத்தில் பாதி வேலை இதுதான் என்பேன். நீங்கள் கொடுத்த சொல் ஒன்று, மக்கள் தட்டச்சு செய்தது வேறொன்று. இரண்டாவதைக் காட்டும் 'சர்ச் டெர்ம்ஸ்' அறிக்கையை முதல் இரண்டு வாரம் தினமும், பிறகு வாரம் ஒருமுறை திறந்து பாருங்கள்.

நம் டீலரின் அறிக்கையில் கிடந்தவற்றைக் கொத்தாகச் சொல்கிறேன்: பிரிட்ஜ், ஏசி, கார், பைக், பஞ்சர், பெயின்ட் அடிக்க, மீன் தொட்டி, பழையது, செகண்ட் ஹேண்ட், வாடகை, ரிப்பேர், ஸ்பேர், வேலை, சம்பளம், செயல்படும் விதம், படம், பிடிஎஃப், செமினார். இவை அத்தனையும் விலக்குச் சொற்கள். 'ரிப்பேர்' மட்டும் யோசிக்க வேண்டிய சொல். ஸ்க்ரூ கம்ப்ரசர் ரிப்பேருக்குத் தேடுபவரிடம் பழைய இயந்திரம் ஒன்று இருக்கிறது. இன்னும் ஓராண்டில் அவர் வாங்குவார். அவரை விலக்காமல் தனி விளம்பரக் குழுவில் போட்டு சர்வீஸ் பக்கத்துக்கு அனுப்பினோம்.

விலக்குச் சொற்களில் ஒரு சிக்கல் உண்டு. இலக்குச் சொற்களுக்கு ஒத்த பொருள் சொற்களைத் தானே தேடிக்கொள்ளும் கூகுள், விலக்குச் சொற்களுக்கு அந்த உதவியைச் செய்வதில்லை. 2024 முதல் எழுத்துப் பிழைகளை மட்டும் கவனித்துக்கொள்கிறது. பிரிட்ஜ் என்று விலக்கினால் ரெஃப்ரிஜிரேட்டர் என்று தேடியவர் உள்ளே வந்துவிடுவார். ஒருமை, பன்மை இரண்டையும் சேர்க்க வேண்டும். நம் ஊரில் இதே சொல்லைத் தமிழ் எழுத்தில் தேடுபவரும் உண்டு, ஆங்கில எழுத்தில் தமிழாகத் தேடுபவரும் உண்டு. மூன்று வடிவிலும் சேருங்கள்.

இலக்குச் சொற்களைப் பொறுத்தவரை, தொடக்கத்தில் 'பிராட் மேட்ச்' (தொடர்புடையது என்று கூகுள் நினைக்கும் தேடலுக்கெல்லாம் காட்டுவது) வேண்டாம். கூகுளின் ஆலோசகர் என்று யாராவது அழைத்து அதைத்தான் பரிந்துரைப்பார். பணிவாகக் கேட்டுக்கொண்டு போனை வையுங்கள். அது பயன்படும் கட்டம் ஒன்று உண்டு, ஏழாம் படியில் சொல்கிறேன். அதுவரை 'எக்ஸாக்ட்' (அதே பொருளில் தேடினால் மட்டும் காட்டுவது), 'பிரேஸ்' (அந்தப் பொருள் அடங்கிய தேடலுக்குக் காட்டுவது) இரண்டும் போதும். "கம்ப்ரசர்" என்ற ஒற்றைச் சொல்லை வாங்காதீர்கள். "30 எச்பி ஸ்க்ரூ கம்ப்ரசர்", "ஏர்ஜெட் தறிக்குக் கம்ப்ரசர்", "100 சிஎஃப்எம்" போன்றவற்றை வாங்குங்கள். சிஎஃப்எம் என்று தட்டச்சு செய்யும் பஞ்சர் கடைக்காரரை நான் இதுவரை சந்தித்ததில்லை.

புதிய தேடல் விளம்பரம் தொடங்கும்போது 'டிஸ்ப்ளே நெட்வொர்க்' (பிற இணையதளங்கள், செயலிகள்), 'சர்ச் பார்ட்னர்ஸ்' (கூகுளோடு இணைந்த பிற தேடல் தளங்கள்) என்ற இரண்டு பெட்டிகள் முன்கூட்டியே டிக் ஆகியிருக்கும். எடுத்துவிடுங்கள்.

படி 4: இடமும் காலமும்

கூகுளில் இடத்தைத் தேர்ந்தெடுத்ததும் கீழே சுருட்டி வைத்த ஒரு தேர்வு இருக்கிறது. 'அந்த இடத்தில் இருப்பவர்கள், அல்லது அந்த இடத்தில் ஆர்வம் காட்டுபவர்கள்' என்பதே அதில் இயல்பாக அமைந்திருக்கும். திருப்பூருக்கு இது பெரும் பள்ளம். திருப்பூர் மேல் ஆர்வம் காட்டாத துணி வியாபாரி இந்தியாவில் யார்? மொத்த விலையில் டி-ஷர்ட் தேடும் அத்தனை பேரும் அந்த வளையத்துக்குள் வரலாம். 'இருப்பவர்கள்' என்பதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மாவட்டம் முழுவதையும் எடுப்பதைவிடத் தொழில் இருக்கும் இடங்களைப் புள்ளி வைத்துச் சுற்றளவு போடலாம். பெருந்துறை சிப்காட், குறிச்சி சிட்கோ, அரசூர், கணபதி, பல்லடம், சோமனூர், அவினாசி. ஆனால் மிகவும் இறுக்காதீர்கள். திருப்பூரில் ஆலை வைத்திருப்பவர் வீடு கோவையில் இருக்கலாம். இரவு பத்து மணிக்குத் தேடும் மகன் அங்கிருந்துதான் தேடுவார். பகலில் ஆலைப் பகுதி, மாலைக்குப் பிறகு நகரப் பகுதி என்று இரண்டு விளம்பரங்களாகப் பிரித்தது எங்களுக்குச் சரியாக வந்தது.

காலத்தைப் பற்றிச் சுருக்கமாக. தீபாவளிக்கு முன் திருப்பூரில் சரக்கு ஏற்றும் பரபரப்பு, பின் தொழிலாளர்கள் ஊருக்குப் போய் ஆலை வெறிச்சோடும். அந்த நாட்களில் புது இயந்திரம் பற்றிப் பேச ஆள் கிடைக்காது. ஆடியில் இயந்திரம் இறக்கத் தயங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆயுத பூஜைக்கு முன் ஆலையைச் சுத்தம் செய்யும்போதுதான் பழைய கம்ப்ரசரின் லட்சணம் கண்ணில் படும். உங்கள் பில் புத்தகத்தின் தேதிகள் இதையெல்லாம் என்னைவிடத் துல்லியமாகச் சொல்லும்.

படி 5: விளம்பரமே சல்லடை

பேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நிறுவன விற்பனைக்கு ஆகாது என்று ஒதுக்குபவர்கள் உண்டு. நம் பகுதியில் முதலாளிகள் இருப்பது அங்கேதான். லிங்க்ட்இன் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத பவுண்டரி முதலாளி, இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அரைமணி நேரம் பேஸ்புக்கில் கோயில் திருவிழா வீடியோ பார்ப்பார்.

சிக்கல் வேறு. இவ்விரண்டையும் நடத்தும் மெட்டா நிறுவனம் இப்போது 'அட்வான்டேஜ் பிளஸ்' என்ற தானியங்கி முறையில், நீங்கள் கொடுக்கும் ஆர்வம், பதவி போன்றவற்றை வெறும் யோசனையாகவே எடுத்துக்கொள்கிறது. பழைய முறைக்கு மாறிப் பட்டியலை இறுக்கினாலும், மக்கள் தாங்களே எழுதிவைத்த பதவிதான் அங்கே இருக்கும். 'எனக்கு நானே ராஜா' என்று பணியிடத்தில் எழுதி வைத்திருப்பவரை எந்தத் தொழிலில் சேர்ப்பது?

ஆகவே சலிக்கும் வேலையை விளம்பரத்தின் முதல் வரியிடமும் படத்திடமும் ஒப்படைக்க வேண்டும். "சிறந்த கம்ப்ரசர், குறைந்த விலை" என்றால் எல்லோரும் தட்டுவார்கள். நாங்கள் பிறகு எழுதிய விளம்பரம் இது:

"ஞாயிற்றுக்கிழமை ஆலை ஓடாதபோது கம்ப்ரசரை மட்டும் ஓட விடுங்கள். யாருமே காற்றைப் பயன்படுத்தவில்லை. ஆனாலும் அது எத்தனை முறை லோடு எடுக்கிறது என்று எண்ணுங்கள். எண்ணிக்கை கூடக் கூட உங்கள் காற்றுக்குழாயில் மின்சாரம் கசிகிறது."

இதில் விலை இல்லை, சலுகை இல்லை. 'லோடு' (குழாயில் அழுத்தம் குறைந்து கம்ப்ரசர் மீண்டும் காற்றை அடைக்கத் தொடங்குவது) என்றால் என்னவென்று தெரியாதவர் தாண்டிப் போய்விடுவார். தெரிந்தவர் நின்று படிப்பார். சிலர் உண்மையிலேயே ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பார்த்துவிட்டுத் திங்கட்கிழமை அழைத்தார்கள். கிளிக் எண்ணிக்கை விழுந்தது. டீலர் முகம் சுளித்தார். இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னேன்.

படிவத்திலும் ஒரு முள் வையுங்கள். மெட்டாவின் லீட் படிவத்தில் 'அதிக எண்ணிக்கை', 'அதிக ஈடுபாடு' என்ற வகைகள் உண்டு. இரண்டாவதை எடுங்கள், அனுப்பும் முன் சரிபார்க்கும் ஒரு திரை கூடுதலாக வரும். பெயர், எண் தவிர இரண்டு கேள்விகள்: இப்போது இருக்கும் கம்ப்ரசர் எத்தனை எச்பி? மின் இணைப்பு எச்டியா (உயர் அழுத்தம்) எல்டியா (தாழ்வழுத்தம்)? ஆலையோடு தொடர்பு உள்ளவருக்கு மூன்று விநாடி வேலை. மற்றவருக்கு அது சுவர்.

இனி பட்டியல் ஏற்றுவது. முதல் படியில் சலித்து வைத்த வாடிக்கையாளர் எண்களை, முன்னால் 91 சேர்த்து, மெட்டாவிலும் கூகுளிலும் ஏற்றலாம். மெட்டாவில் 'லுக்அலைக்' (உங்கள் வாடிக்கையாளர்களை ஒத்தவர்களின் கூட்டம்) உருவாக்க ஒரே நாட்டைச் சேர்ந்த 100 பேராவது தளத்தில் பொருந்த வேண்டும். உங்களிடம் அத்தனை வாடிக்கையாளர் இல்லையென்றால் கொட்டேஷன் வாங்கியவர்களையும் சேருங்கள். இந்தியா முழுவதற்கும் உருவாகும் அந்தக் கூட்டத்தை உங்கள் மாவட்டங்களோடு வெட்டிக்கொள்ளுங்கள். இதே பட்டியலுக்கு இன்னொரு பயனும் உண்டு: போன மாதம் வாங்கியவருக்கு விற்பனை விளம்பரம் போகாமல் நிறுத்தலாம்.

"திருப்பூர் ஏற்றுமதியாளர் டேட்டாபேஸ், பத்தாயிரம் எண்கள்" என்று விற்பவரிடம் வாங்கி ஏற்றாதீர்கள். நீங்களே நேரடியாகத் திரட்டிய தகவலாக இருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலைத்தான் அடிப்படையாக வைக்கிறது. கண்காட்சியில் விசிட்டிங் கார்டு வாங்கும்போதே, தகவல் அனுப்பலாமா என்று கேட்டுக் குறித்துவைக்கும் பழக்கம் நல்லது.

படி 6: லிங்க்ட்இன் யாருக்கு?

நம் டீலருக்கு முதல் ஆண்டு லிங்க்ட்இன் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கிளிக் விலை அதிகம். 30 எச்பி வாங்குபவர் அங்கே இல்லை. பெரிய நூற்பாலைக் குழுமங்கள், வாகன உதிரிபாகக் கம்பெனிகள், ஏற்றுமதி நிறுவனங்களில் சுற்றுச்சூழல் தரச்சான்று பார்ப்பவர்கள், திட்டப் பொறியாளர்கள் ஆகியோருக்கு விற்பவர்களுக்கு அது தேவைப்படும். 100 எச்பியை ஒட்டிய பெரிய இயந்திரங்களுக்காக இரண்டாம் ஆண்டு இறங்கினோம்.

இறங்கும்போது கவனிக்க வேண்டியவை. 'ஆடியன்ஸ் எக்ஸ்பேன்ஷன்', 'ஆடியன்ஸ் நெட்வொர்க்' இரண்டும் முன்கூட்டியே டிக் ஆகியிருக்கும். அவற்றை எடுக்காவிட்டால் நீங்கள் பார்த்துப் பார்த்துச் செதுக்கிய கூட்டம் தானாக விரியும். இடத்தில் நிரந்தரமாக இருப்பவர் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே வகைக்குள் நீங்கள் சேர்ப்பவை 'இது அல்லது அது' என்று கூட்டத்தைப் பெருக்கும். சுருக்க வேண்டுமானால் வேறு வகையை 'நேரோ' பொத்தான் வழியாகச் சேர்க்க வேண்டும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு பணத்தைக் கரைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பதவிப் பெயரை மட்டும் நம்பாதீர்கள். ஒரே வேலையைச் செய்பவர் ஓர் ஆலையில் 'மெயின்டனன்ஸ் மேனேஜர்', அடுத்ததில் 'டிஜிஎம் யுடிலிட்டி', இன்னொன்றில் 'பிளான்ட் இன்சார்ஜ்'. பிரிவையும் பதவி உயரத்தையும் சேர்த்து ஒரு கூட்டம், பதவிப் பெயர்களால் தனியாக ஒரு கூட்டம் என்று இரண்டு செய்து ஒப்பிடுங்கள். நிறுவன அளவு என்ற வடிகட்டியும் நம் பக்கம் தடுமாறும். பல ஆலைகளின் பக்கத்தை யாரோ ஒருநாள் திறந்துவிட்டு அப்படியே விட்டிருப்பார்கள்.

இங்கே மிகச் சிறந்த ஆயுதம் நிறுவனப் பட்டியல். விற்பனைப் பிரதிநிதி நுழைய விரும்பும் ஆலைகளின் பெயர்களை, அவற்றின் இணையதள முகவரியோடு ஏற்றி, அந்த நிறுவனங்களில் இருக்கும் பொறியாளர்களுக்கு மட்டும் காட்டலாம். கூட்டம் 300 பேருக்குக் குறைந்தால் விளம்பரம் ஓடாது என்பதை மனதில் வைத்துப் பட்டியல் போடுங்கள். 'லுக்அலைக்' இங்கே கிடையாது. 2024 பிப்ரவரியோடு லிங்க்ட்இன் அதை நிறுத்திவிட்டது. பழைய வழிகாட்டிகளைப் படித்துத் தேடிக்கொண்டிருக்காதீர்கள்.

படி 7: என்ன ஆயிற்று என்பதைத் தளத்துக்குத் திருப்பிச் சொல்லுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

கூகுளும் மெட்டாவும் நாம் எதை வெற்றி என்கிறோமோ அதைத்தான் தேடும். 'படிவம் நிரப்பினால் வெற்றி' என்று சொல்லி வைத்திருந்தேன். படிவத்தை ஆர்வமாக நிரப்புபவர் யார்? செமினாருக்குப் படம் தேடும் மாணவர். அவர் நிரப்பியதும் தளம் மகிழ்ந்து அவரைப் போன்ற இன்னும் நூறு பேரைத் தேடிப் போகும். அவர்களும் நிரப்புவார்கள். ஒரு என்கொயரிக்கு ஆகும் செலவு நாளுக்கு நாள் இறங்கிக்கொண்டே வரும். அந்த அழகான சரிவை வண்ணப்படமாக்கி டீலருக்கு நான் அனுப்பியும் இருக்கிறேன். அதே வாரம்தான் விற்பனைப் பிரதிநிதி அழைத்தார்.

சரிசெய்த விதம் இது. விளம்பரத்தைத் தட்டி வருபவர் ஒவ்வொருவருக்கும் கூகுள் ஓர் அடையாள எண்ணை இணைப்பின் வாலில் ஒட்டி அனுப்புகிறது. படிவத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு கட்டம் வைத்து அதைப் பிடித்து, என்கொயரித் தாளில் பெயருக்குப் பக்கத்தில் விழும்படி செய்தோம். அதே தாளில் விற்பனைப் பிரதிநிதிக்கு ஒரு பத்தி. நான்கே சொற்களில் ஒன்றைத்தான் அவர் தேர்ந்தெடுக்க வேண்டும்: பொருந்தாது, பிறகு, கொட்டேஷன், ஆர்டர். இருபது நிலைகள் உள்ள மென்பொருளைக் கொடுத்திருந்தால் மூன்றாம் நாளே நிரப்புவதை நிறுத்தியிருப்பார்.

வாரம் ஒருமுறை 'கொட்டேஷன்', 'ஆர்டர்' வரிசைகளைக் கூகுளுக்குத் திருப்பி ஏற்றினோம். பின்பு படிவ நிரப்பலை வெற்றிக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டு, கொட்டேஷனை வெற்றியாக வைத்தோம். ஏன் ஆர்டரை வைக்கவில்லை? கிளிக் நடந்து 90 நாட்களுக்குள் ஏற்றினால்தான் கூகுள் அந்த எண்ணை ஏற்கும். முதல் அழைப்பிலிருந்து ஆர்டர் வரை நான்கைந்து மாதம் ஆகும் தொழிலில் பாதி ஆர்டர்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிடும். இன்னொன்று, மாதம் இரண்டு மூன்று ஆர்டரை வைத்துத் தளம் எதையும் கற்றுக்கொள்ளாது. கொட்டேஷன் அதைவிட அதிகம், அதைவிடச் சீக்கிரம் நடக்கும். முதல் படியில் குறித்த நாட்கணக்கு இங்கேதான் கைகொடுக்கிறது.

இரண்டுக்கும் மதிப்பு கொடுக்கலாம். உங்கள் கணக்கில் ஐந்து கொட்டேஷனுக்கு ஓர் ஆர்டர் என்றால், கொட்டேஷனுக்கு ஆர்டர் லாபத்தில் ஐந்தில் ஒரு பங்கு. இணைப்பு எண் தவறிப்போனவர்களுக்கு, படிவத்தில் அவர்கள் கொடுத்த மின்னஞ்சலையோ தொலைபேசி எண்ணையோ மறைகுறியாக்கிப் பொருத்தும் வசதியும் கூகுளில் இருக்கிறது. மெட்டாவுக்கும் லிங்க்ட்இன்னுக்கும் இதேபோல் விற்பனை நிலையைத் திருப்பி அனுப்பும் வழிகள் உண்டு. அதற்கு ஒரு நிரலாளரை அரைநாள் அமர்த்திக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதம் இப்படி ஊட்டிய பிறகுதான், படி 3ல் ஒதுக்கி வைத்த 'பிராட் மேட்ச்'சைச் சிறிய தொகையில் திறந்து பார்த்தோம். கொட்டேஷன் வாங்கும் ஆள் எப்படி இருப்பார் என்று அதற்கு இப்போது ஓரளவு தெரிந்திருந்தது. நாங்கள் யோசித்தே பார்க்காத தேடல்கள் வந்தன. பழைய பிஸ்டன் கம்ப்ரசர் சூடாவது ஏன் என்று தேடியவர்கள் அவர்களில் முக்கியமானவர்கள்.

படி 8: இப்போது வாங்காதவரை என்ன செய்வது?

அந்த நான்கு சொற்களில் 'பிறகு' என்பதில்தான் பெரும் கூட்டம் சேரும். ஆஸ்திரேலியாவின் ஏரன்பெர்க் பாஸ் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்த ஜான் டாஸ் 2021இல் முன்வைத்த '95-5' என்ற கருத்து நிறுவன விற்பனையில் பிரபலம். ஒரு சேவையை நிறுவனங்கள் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுகின்றன என்றால், ஓர் ஆண்டில் மாற்றுபவர் 20 சதவீதம். ஒரு காலாண்டில் 5 சதவீதம். மீதி 95 பேர் இப்போது சந்தையிலேயே இல்லை. கம்ப்ரசர் ஐந்து ஆண்டுக்கு மேலேயே உழைக்கும் என்பதால் நம் விகிதம் இன்னும் மோசம்.

இவர்களை விரட்டி விரட்டி "இன்றே வாங்குங்கள்" என்று மறுவிளம்பரம் (ஏற்கெனவே நம் தளத்துக்கு வந்தவருக்கே மீண்டும் காட்டும் விளம்பரம்) காட்டினால் எரிச்சல்தான் மிஞ்சும். காற்றுக் கசிவை எப்படிக் கண்டுபிடிப்பது, ஆயில் எப்போது மாற்றுவது என்று மாதம் ஒரு சிறு வீடியோ, மாவட்ட அளவில், குறைந்த செலவில் ஓடட்டும். மறுவிளம்பரப் பட்டியலிலிருந்து வேலைவாய்ப்புப் பக்கம் பார்த்தவர்களை நீக்குங்கள். ஸ்பேர் பக்கம் பார்த்தவர்களைத் தனியாக வையுங்கள். பாதிப் பேர் ஏற்கெனவே உங்கள் வாடிக்கையாளர்கள்.

படி 9: எத்தனை கூட்டமாகப் பிரிக்கலாம்?

ஆர்வமிகுதியில் நூற்பாலைக்கு ஒன்று, பின்னலாடைக்கு ஒன்று, பவுண்டரிக்கு ஒன்று என்று ஆறு கூட்டங்களாகப் பிரிக்கத் தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதம் 30,000 ரூபாய், ஒரு கிளிக் 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 750 கிளிக். நூற்றுக்கு மூன்று பேர் படிவம் நிரப்பினால் 22 என்கொயரி. ஆறாகப் பிரித்தால் தலைக்கு நான்குகூடத் தேறாது. அதில் பவுண்டரிக்கு ஐந்து, நூற்பாலைக்கு மூன்று என்று வந்தால் பவுண்டரி சிறந்தது என்று சொல்ல முடியுமா? அது காசு சுண்டிப் பார்ப்பது போலத்தான். இந்தத் தொகைக்கு இரண்டு கூட்டம் போதும், இரண்டையும் மூன்று மாதம் தொடாமல் விடுங்கள். ஒப்பிடும்போது என்கொயரி எண்ணிக்கையை விட்டுவிட்டு ஒரு கொட்டேஷனுக்கு ஆன செலவைப் பாருங்கள்.

மாதத்தின் முதல் சனிக்கிழமை டீலர், விற்பனைப் பிரதிநிதி, நான் மூவரும் அரைமணி நேரம் அந்தத் தாளைத் திறந்து உட்காருகிறோம். 'பொருந்தாது' வரிசைகளை மட்டும் வாய்விட்டுப் படிப்போம். எந்தத் தேடலில் வந்தார், எந்த ஊர், ஏன் பொருந்தவில்லை. விலக்குப் பட்டியலில் சேர வேண்டியது அங்கேயே சேர்ந்துவிடும். இப்போதெல்லாம் விற்பனைப் பிரதிநிதி சனிக்கிழமை வரை காத்திருப்பதில்லை. சென்ற வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: "சார், ஏர் கூலருக்குக் கம்ப்ரசர் கேட்டு ஒருவர் அழைத்தார்." ஏர் கூலரில் கம்ப்ரசரே கிடையாது. இருந்தாலும் சேர்த்துவிட்டேன்.